ஹொண்டாவின் குட்டி ஜெட்

யாழ்ப்பாணத்தில் ஹொண்டா என்றால் எம்டி 90 மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். அதே கொம்பனி ஜெட்டும் செய்கிறது என்றால் வீட்டில் நம்புகிறார்கள் இல்லை.

ஹொண்டாஜெட்டில் எனக்குப் பிடித்தது எஞ்சின் இருக்கும் இடம். மற்றச் சின்ன ஜெட்களில் எஞ்சின் வால்பக்கம் உடலோடு ஒட்டியிருக்கும். இதில் இரண்டும் இறக்கைக்கு மேலே, கால் வைத்துத் தூக்கி நிறுத்திய மாதிரி. எஞ்சினைத் தாங்கும் சட்டம் உடலுக்குள் போகாததால் உள்ளே இடம் கூட, சத்தமும் குறைவு. 2003இல் முதலில் பறந்தது. அமெரிக்க அனுமதி கிடைக்க 2015 ஆகிவிட்டது. பொறுமைசாலிகள்!

43,000 அடி உயரம், மணிக்குச் சுமார் 780 கிலோமீற்றர் வேகம், ஒரு விமானியே போதும். பலாலி–சென்னை ஏடிஆர் புரொபெல்லர் விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து பழகிய எங்களுக்கு இது கண்மூடித் திறப்பதற்குள். சரி, விலையையும் பார்த்தேன். மில்லியன் டொலர்களில் இருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன்.