பெர்க்லியில் எமனோவைத் தேடி

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ‘என்.எல்.’ என்று பலகை வைத்த கார் நிறுத்துமிடங்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கென்று ஒதுக்கியவை. பொன்னாடையைவிட இது எவ்வளவோ மேல்.

டவுன்டவுன் பெர்க்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கில்மன் கட்டடத்தின் 307ஆம் அறையில்தான் 1941 பிப்ரவரியில் வேதியியலாளர் சீபோர்க்கும் சகாக்களும் புளூட்டோனியத்தை அடையாளம் கண்டார்கள். 106ஆம் தனிமத்துக்கு சீபோர்க்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். நாகசாகியில் விழுந்ததும் புளூட்டோனியக் குண்டுதான். அந்த அறை வாசலில் சிரித்தபடி படமெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் போனது மொழியியலாளர் முர்ரே எமனோவுக்காக. கனடாவில் பிறந்து, யேலில் சமஸ்கிருதம் படித்தவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று தோடர்கள் சில நூறு பேர்தான்; மொழிக்கு எழுத்தும் இல்லை. எருமைகளையும் மந்துகள் என்னும் தங்கள் குடியிருப்புகளையும் இறந்தவர்களையும் பற்றி அவர்கள் கட்டிப் பாடியவற்றை அவர் திரட்டிய பெருநூல் 1971இல் வந்தது. கேட்டு எழுதியதற்கும் அச்சுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல்! இன்றைய ஆய்வு நிதிக் குழுக்கள் இப்படிக் காத்திருக்குமா?

தாமஸ் பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளியானது. ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தெலுங்கிலும் கோண்டியிலும் பிராகூயிலும் உறவு உண்டா என்று பார்க்க இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். பெர்க்லியின் மொழியியல் துறையை நிறுவியவரும் அவரே. மொழியியலுக்கு நோபல் கிடையாது என்பதால் கார் நிறுத்தத் தனி இடம் கிடைத்திருக்காது. 2005இல் மறைந்தபோது வயது 101.

அந்தத் துறை இயங்கும் ட்வினெல் கட்டடம், வழி தவறுவதற்கென்றே கட்டியது போலிருக்கிறது. வளாகத்தின் மேற்கில் ஒரு யூக்கலிப்டஸ் தோப்பு நிற்கிறது. ஊட்டிக்கும் இங்கும் அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான் என்றாலும், வாசனை அப்படியே ஊட்டி.

கூட வந்த நண்பருக்கு ஜார்ஜ் ஹார்ட்டைத் தெரிந்திருந்தது. இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்து, தமிழ் செம்மொழியே என்று 2000இல் கடிதம் எழுதியவர். நான்கு ஆண்டுகள் கழித்து இந்திய அரசும் அதை அறிவித்தது. எமனோவின் பெயரை நண்பர் கேள்விப்பட்டதே இல்லையாம். டெலிகிராஃப் சாலையில் காபி குடித்து முடிக்கும்வரை அவருக்குத் தோடர் கதைதான்.