பி படிவத்தில் ஒரு எழுத்து

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு மறுபடியும் அடிபட ஆரம்பித்துவிட்டது. கட்சியில் சீட் கேட்கப்போகும் பெண்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து விவரம் கேட்டார்கள். எல்லோருக்கும் முதலில் சொன்னது இதைத்தான்: தலைமை வெளியிடும் பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று பட்டாசு வெடித்துவிடாதீர்கள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் பி படிவம் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய், அவர் அதைச் சரி என்று ஏற்கும்வரை நீங்கள் கட்சி வேட்பாளர் இல்லை. எனக்கு அது 2022 பிப்ரவரி 7ஆம் தேதி மதியம்தான் உறைத்தது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் பத்து வருஷம் கழித்து நடந்தது. அதற்கு முன்னால் நடந்தது 2011இல். 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி என்று மொத்தமாக வந்தபோது, காகித வேலை தெரிந்த பழைய ஆட்கள் எங்கள் நகரக் கட்சியில் யாரும் மிச்சமில்லை. பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்த பிறகு நடந்த முதல் நகராட்சித் தேர்தலும் அதுதான். எங்கள் வார்டு பெண்கள் பொது வார்டு, அதாவது எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம்.

விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வார்டைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சில் நான்கு நாள் தூக்கம் போனது, அவ்வளவுதான். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளான 4ஆம் தேதி, 2,000 ரூபாய் டெபாசிட் கட்டி, எதிர்வீட்டு அக்கா முன்மொழிய, மனுவைக் கொடுத்தேன். மறுநாள் பரிசீலனையிலும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏ, பி படிவங்களை வாபஸ் நாளான 7ஆம் தேதி மதியம் 3 மணிக்குள் கொடுத்தால் போதும். ஏ படிவம், யார் கையெழுத்துப் போட்டு வேட்பாளரை அறிவிக்கலாம் என்று கட்சித் தலைமை கொடுப்பது. அந்த ஆள் வார்டு வாரியாக வேட்பாளர் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது பி படிவம். நகரச் செயலாளர் என்னிடம், "நீ போய் வீடு வீடா ஓட்டுக் கேளும்மா. படிவத்தை நாங்க மொத்தமா குடுத்துருவோம்" என்றார். நானும் நம்பிப் போய்விட்டேன்.

7ஆம் தேதி பதினொன்றரை மணிக்கு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று நகராட்சி அலுவலகம் போனேன். அங்கிருந்த உதவியாளர் தாளைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் பேர்ல யாரும் மனு போடலையேம்மா." வார்டு எண் சரி, பெயர் சரி, இனிஷியல் மட்டும் என் அப்பாவுடையது. வாக்காளர் பட்டியலிலும் மனுவிலும் இருப்பது வீட்டுக்காரர் இனிஷியல். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த உறுப்பினர் அட்டையைப் பார்த்துக் கட்சி அலுவலகத்தில் டைப் அடித்திருக்கிறார்கள்.

கூட வந்த ஒருவர், "ஒரு எழுத்துதானே, மேல எழுதிரலாம்" என்று பேனாவை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அதே வார்டில் எங்கள் கட்சி பெயரைப் போட்டு மனு கொடுத்த இன்னொரு பெண் அதுவரை வாபஸ் வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் வராந்தாவிலேயே நின்றிருந்தார்கள். படிவத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கையெழுத்துப் போடவேண்டியவர் மாவட்டச் செயலாளர். போன் எடுக்கவில்லை. தம்பியின் பைக்கில் 38 கிலோமீட்டர் போனால், மாவட்ட அலுவலகத்தில் அவர் இல்லை. அங்கிருந்த பையன் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டி, "சீல்ல கையெழுத்து இருக்குக்கா, நீங்களே எழுதிக்குங்க" என்றான். அதை வாங்கவே வாங்காதீர்கள். ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து செல்லாது, மையில் போட்டிருக்க வேண்டும். அவர் இருந்த கல்யாண மண்டபத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மணி ஒன்றேகால்.

பந்தியிலிருந்து எழுந்து வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாளை வைத்தார். வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸில் என் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். பார்த்துப் பார்த்து எழுதினார். கையெழுத்துக்குக் குனிந்தபோது அவருடைய உதவியாளர், "அண்ணே, ஏ படிவத்துல தமிழ்லதான் போட்டிருக்கீங்க" என்றார். வழக்கம்போல ஆங்கிலத்தில் போட்டிருந்தால், இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு தகராறு. முதலில் கொடுத்த படிவத்தை ரத்து செய்வதாக ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே வார்டுக்கு இரண்டு படிவம் ஆகிவிடும்.

2.41க்கு அலுவலர் வாங்கிக்கொண்டு, என் நகலில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது.

நகராட்சி அலுவலக உதவியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் செய்தது சரி. கோபமெல்லாம் கட்சி மேல்தான். பன்னிரண்டு வருஷம் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவள் நான். என் பெயரை ஒருதடவை போன் போட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆண்களுக்கு இனிஷியல் மாறுவதில்லை, அதனால் அவர்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. பாதி வார்டில் பெண்கள் நிற்கும்போது இது சின்ன விஷயமா? விருப்ப மனுவிலேயே வாக்காளர் பட்டியலில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதுங்கள். பட்டியலின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தே கொடுங்கள். பி படிவத்தை வாட்ஸ்அப்பில் படமாகப் பார்த்துத் திருப்திப்படாமல், அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

மண்டபத்திலேயே இன்னொன்றும் நடந்தது. என் படிவம் முடிந்ததும் மாவட்டச் செயலாளரின் உதவியாளரிடம் மற்ற பெண்களின் பெயர்களையும் காட்டச் சொன்னேன். எங்கள் நகராட்சியிலேயே இன்னும் இரண்டு பேருக்கு அப்பா இனிஷியல். அங்கிருந்தே அவர்களுக்குப் போன் போட்டு வாக்காளர் பட்டியலில் உள்ளபடி கேட்டு, புதுப் படிவம் எழுதி, கையெழுத்து வாங்கி, மூன்றையும் ஒரே பையில் வைத்துக்கொண்டுதான் பைக்கில் ஏறினேன். சாயங்காலம் ஒட்டிய இறுதிப் பட்டியலில் மூன்று பேர் பெயருக்கு நேராகவும் கட்சிச் சின்னம் இருந்தது.