கொடிமலைப் பல்லியும் மேசை வேலையும்

இரவில் மலேசியாவின் பினாங்கு கொடிமலைப் பாதையோரம், ஈரப் பாறை இடுக்கில் டார்ச் வெளிச்சம் பட்டு ஒரு பல்லியின் கண் மின்னும். புதிய இனமோ என்று கை பரபரக்கும். பெரும்பாலும் இருக்காது. அதை முடிவு செய்யும் இடம் மலையல்ல, மேசை.

1827இல் ஜான் எட்வர்டு கிரே பெயரிட்ட சிர்ட்டோடாக்டிலஸ் புல்கெல்லஸ் என்ற வளைவிரல் பல்லி, தாய்லாந்து வரை பரவிய ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2012இல் மரபணுவையும் செதில்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கூட்டத்தில் 7 புதிய இனங்கள் தேறின. பழைய பெயர் பினாங்குத் தீவுப் பல்லியோடு நின்றுவிட்டது. கேமரன் மலைக்கு ஒன்று, ஃபிரேசர் மலை, கெந்திங் பக்கத்துக்கு இன்னொன்று என்று பெயர்கள் வந்தன. புதிதாக முளைத்தவை பெயர்கள்தான். பல்லிகள் அங்கேயேதான் இருந்தன.

பல்லி பிடிக்க வனவிலங்கு இலாகா அனுமதியெல்லாம் முன்னரே வாங்கியிருக்க வேண்டும். பிடித்ததை உயிரோடு படமெடுத்துவிட வேண்டும். பதப்படுத்தும் எத்தனாலில் நிறம் வெளுத்துப் போகும். மயக்க மருந்தில் உயிர் அடங்கியதும் முதல் வேலை, டிஎன்ஏ சோதனைக்கு ஈரல் துண்டு எடுப்பது. அரிசி அளவு போதும், 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். களைத்து இறங்கிய இரவில் இந்த வரிசை மாறி, உடலை இறுக வைக்கும் ஃபார்மலின் முந்திக்கொண்டால் டிஎன்ஏ கெட்டது.

ஃபார்மலின் 10 விழுக்காடு என்றால் கடைக் கரைசல் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. புட்டியில் 37 விழுக்காடு என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போட்டு, 3 பங்கு தண்ணீரோடு நிறுத்திவிடுவோர் உண்டு. கரைசல் தேவைக்கு மேல் கடுமையாகிவிடும். வயிற்றுக்குள்ளும் ஊசியால் ஏற்றாவிட்டால் உள்ளே அழுகும். விரல்களை விரித்து வைத்தே இறுக விட வேண்டும். மடங்கி இறுகிய விரலில் அடித்தகடுகளை, அதாவது விரலின் அடிப்பக்கச் செதில்களை, எண்ண முடியாது. பிறகு நீரில் கழுவி 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றலாம். காலில் கட்டும் சீட்டில் பால்பாயிண்ட் மை கூடாது, எத்தனாலில் கரைந்துவிடும்.

எண்ணுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளவு. உதட்டுச் செதில், முதுகு முண்டு, வயிற்றுச் செதில், நான்காம் கால்விரலின் அடித்தகடு. தொடைத் துளைகளுக்கு ஆண் பல்லி வேண்டும். அறுந்து மீண்டும் வளர்ந்த வாலின் நீளத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒப்பீடே கோணிவிடும். இருவர் பங்குபோட்டு எண்ணினால், ஆளுக்கு ஆள் மாறும் எண்ணிக்கை இன வேறுபாடு போலத் தெரியும். ஒருவரே எண்ணுவது நல்லது.

புதிய இனத்தை அறிவிக்கும் கட்டுரையில் மூலமாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமான ஒற்றைப் பல்லி, எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாவதென்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு முன்பே முடிந்து, அதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும். அது விடுபட்டால் பெயர் செல்லாது.