அம்மாவின் தொடையில் இருந்த கல்

சென்னிமலையில் 40 ஆண்டுகளாகக் குழித்தறியில் போர்வை நெய்துவந்த என் அம்மாவுக்கு, இடத் தொடையின் பின்புறம், தறிக்குழியின் விளிம்பு அழுந்தும் இடத்திலேயே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. "தறியில உக்காந்து காய்ப்பு ஏறியிருக்குது, வலியில்லாததுக்கு எதுக்குக் கண்ணு ஆஸ்பத்திரி?" என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். அது நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்து, மேல்தோல் நீலம் பாய்ந்த பிறகுதான் ஈரோட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

முதலில் பார்த்தவர் கொழுப்புக்கட்டி என்றார். ஊசியால் உறிஞ்சிய செல்களைப் பார்த்த பரிசோதனைக்கூடமோ, புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டத் துணிவின்றிப் பத்து நாள்கள் என் பையிலேயே வைத்திருந்தேன்.

கோவையில் நாங்கள் சந்தித்த தோல் மருத்துவர் தாளைப் படிக்கும் முன் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். கல்லைப் போன்ற கடினம். ஒரு விளிம்பை அழுத்தினால் மறு விளிம்பு மேலெழுந்தது. தோலை இழுத்துப் பிடித்தபோது கூடாரத் துணிபோல முகடுகள் தெரிந்தன. பைலோமேட்ரிக்கோமாவாக இருக்கலாம் என்றார். பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளையவர்களுக்கும், தலை, கழுத்து, கைகளில் வரும் தீங்கற்ற கட்டி அது. இந்த வயதில் தொடையில் வந்ததால்தான் எவருக்கும் தோன்றவில்லை.

"தறியால வந்ததுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லைங்கம்மா, முடி முளைக்கிற வேர்ல இருந்து வந்ததுங்க."

1880இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மாலெர்ப் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றுவதாகத்தான் கருதினார் என்றும், முடிவேரில் பிறப்பதை ஆய்வாளர்கள் ஃபோர்பிஸும் ஹெல்விக்கும் 1961இல்தான் தெளிவாக்கினர் என்றும் அவர் சொன்னபோது, மருத்துவர்களே தவறாகக் கணித்திருக்க, அம்மாவின் கணிப்பை நான் கடிந்துகொண்டதற்காக வருந்தினேன்.

ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. பகுதி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு கட்டியை முழுமையாக எடுத்து, திசு ஆய்வுக்கு அனுப்பினர். ஈரோட்டில் ஊசியால் எடுத்த செல்கள் இருந்த கண்ணாடித் தகடுகளையும் வாங்கிவரச் சொல்லியிருந்தது பெரிதும் உதவியது: ஊசியில் சிக்கியவை கட்டியின் ஓரத்து இளம் செல்கள் மட்டுமே, அவற்றின் பெரிய உட்கருக்கள் புற்றுச் செல்களைப் போலத் தோற்றம் தரும். முழுக் கட்டியின் வெட்டுமுகத்திலோ, இந்தக் கட்டியின் அடையாளமான, உட்கரு மறைந்து வெற்றுருவாக நிற்கும் நிழல் செல்கள் தெளிவாக இருந்தன. தீங்கற்றது என்று உறுதியானது.

மிக அரிதாக மீண்டும் வளரக்கூடும் என்பதால், தழும்பைக் காட்ட ஆறு மாதத்தில் மறுபடியும் கோவைக்குப் போகிறோம்.