நாலு உள்ளங்கை அளவு ரப்பர்

நவம்பர் நடுவில் ஒரு நாள், விடிவதற்கு முன்னால், கனடாவின் மாண்ட்ரியலில் என் தெருமுனை. மருத்துவமனையில் காலை ஷிப்ட் என்பதால் இருட்டோடு கிளம்பியிருந்தேன். இரவு லேசாகத் தூறியிருந்தது. பனி எதுவும் விழவில்லை. சாலை நம்மூரில் மழை விட்ட பிறகு கிடப்பதுபோலக் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அது ஈரமல்ல, உறைந்த தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்டாப் பலகைக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. அதுபாட்டுக்குச் சந்திப்பைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் முட்டித்தான் நின்றது. வேறு வண்டி வராதது கடவுள் புண்ணியம்.

நாயோடு நடக்க வந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டு டயர் பக்கம் குனிந்தார். கையுறையைக் கழற்றி, நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது கல்லாகிவிட்டது. உனக்கு ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரி. எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் முதலில் காலில் படுவது ரப்பர் சருகு. அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் தோட்டம். விடியற்காலை நாலு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டு ஆழமாகிவிட்டால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் வராது. அந்த நூலிழைக் கணக்கு அவர் கையில் இருந்தது. சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, அரித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மறுநாள் ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து, கொடியில் காயப்போட்டு, புகைபோடுவோம். ஷீட் காய்ந்ததா என்று பார்க்க அப்பா கட்டைவிரலால் அமுக்கி, விளக்குக்கு நேரே பிடிப்பார். மழைத் தண்ணீர் கலந்த பால் என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் மூவரையும் படிக்க வைத்தது அந்தப் பால். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து ரப்பர் தெரியாது என்கிறார் ஒருவர்.

ஆனால் அவர் சொன்னது சரிதான் என்பது அன்று சாயங்காலமே டயர் கடையில் தெரிந்துவிட்டது.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறதே என்றுதான் நானும் இருந்தேன். கடைக்காரர் சொன்னார்: சட்டம் தேதியைப் பார்க்கும், ரப்பர் குளிரைத்தான் பார்க்கும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். இறுகினால் சாலையைக் கவ்வாது. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். அதனால் உறைகுளிரிலும் இளக்கமாகவே இருக்கும். மலைக்கு மூன்று உச்சி, நடுவில் ஒரு பனிப்பூ என்று டயரின் பக்கவாட்டில் ஒரு முத்திரை உண்டு. அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்னால் ரெண்டுக்கு மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும், நாலும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

புது டயரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நம்மூரில் பட்டன் என்று சொல்கிறோமே, அந்த ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள். சாலையில் அழுந்தும்போது அந்த வெட்டுகள் விரிந்து, அவற்றின் விளிம்புகள் பனியைக் கடித்துப் பிடிக்குமாம். மரத்தில் அப்பா போடும் வெட்டுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே பால் எடுக்க வெட்டு, இங்கே அந்தப் பாலிலேயே வெட்டு.

அன்று இரவு அப்பாவிடம் பேசினேன். சறுக்கி முட்டியதைச் சொல்லவில்லை, டயர் மாற்றினேன் என்று மட்டும் சொன்னேன். "அப்போ உனக்கு எட்டு டயராக்கும்! காலுக்குச் செருப்பு மாத்துற மாதிரி வண்டிக்கும் மாத்துவாவளா?" என்று சிரித்தார். போனை வைக்கும்போது எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். "பைய போ மக்களே."

அந்தப் 'பைய போ'தான் இங்கே பெரிய பாடம் என்பது போகப்போகப் புரிந்தது. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவுக்குத்தான். நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஒன்றரை டன் வண்டி ஓடுகிறது. முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் எதையும் வெடுக்கென்று தொடக் கூடாது. பின்பக்கம் சறுக்கினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பாலங்கள் மேலே சாலைக்கு முன்னமே உறைந்துவிடும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். குளிர் ஏற ஏற டயரில் காற்றும் குறையும். 40 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ அழுத்தம் போய்விடும். மாதம் ஒரு தடவை காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே அளந்துவிடுகிறேன்.

இப்போது பழகிவிட்டது. பனி கொட்டும் நாளிலும் பதறாமல் ஓட்டுகிறேன், பிரெஞ்சில் வானிலை அறிக்கை கேட்டுப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஏப்ரலில் பனி உருகி, முதல் நல்ல மழை பெய்து, ஜன்னலைத் திறந்தால் அந்த ஈர மண் வாசம் வரும் பாருங்கள், உடனே மனம் திற்பரப்பு அருவிப் பக்கம் போய்விடுகிறது. மழை விட்ட சாயங்காலம், ரப்பர் இலையில் இருந்து சொட்டும் சத்தம், அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், கூடவே ஒரு கட்டஞ்சாயா. எத்தனை வருடம் ஆனால் என்ன.

போன ஜூனில் ஊருக்கு வந்திருந்தேன். எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்த நேரம். திருவட்டாரில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் ஓட்டினான், அப்பா முன்னால், நான் பின்னால். ஒரு இறக்கத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஏறியதுமே வண்டி மிதந்தது. ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் சுற்றுகிறது என்று அண்ணன் முகத்திலேயே தெரிந்தது. பிரேக்கில் கால் போகும்போது, "மிதிக்காத, காலை எடு, நேரா பிடி" என்று கத்தினேன். எடுத்தான். ரெண்டு மூச்சு விடும் நேரம். டயர் மறுபடி தரையைப் பிடித்தது.

அடுத்த சாயாக்கடையில் நிறுத்தச் சொல்லி, மழையிலேயே குனிந்து பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மொட்டை டயர். புது டயரில் பட்டன் 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பட்டன்களுக்கு நடுவே ஓடும் காடிகள் வழியாகத்தான் தண்ணீர் வெளியேறும். காடிக்குள் ஆங்காங்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். இவன் வண்டியில் மேடும் தேய்ந்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே தங்கி, வண்டியைத் தூக்கிவிட்டது. பக்கவாட்டில் தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், பார்த்தால் 2216. 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். அண்ணன் மகள் பிறந்த வருடம். அவளுக்கு இதற்குள் எத்தனை ஜோடி செருப்பு மாற்றியிருப்போம்!

"அதெல்லாம் ஓடும், மழை முடியட்டும், மாத்தலாம்" என்றான். மழைக்குத்தானே டயர் வேண்டும்? வண்டி வாங்கினால் கோயிலிலும் சர்ச்சிலும் கொண்டு நிறுத்தி ஆசி வாங்குகிறோம், மாலை போடுகிறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நூல் தெரியும்வரை டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர், அஞ்சே வருடத்தில் 100க்கும் கீழே விழுந்த ஊர் இது. அப்போது வந்த சிக்கனம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் உலகத்துக்கு டயருக்குப் பால் கொடுக்கும் ஊரில், நம் பிள்ளைகள் மொட்டை டயரில் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா குடையோடு வந்து குனிந்தார். கட்டைவிரலால் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனிடம் சொன்னார்: "பட்டை தீந்த மரத்துல வெட்டுற மாதிரியாக்கும் இது. இனி என்ன வரும்?"

அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரம் பேசியும் ஆகாதது அந்த ஒரு சொல்லில் ஆனது. மறுநாள் மார்த்தாண்டத்தில் நாலும் மாற்றினோம், ஸ்டெப்னியும் சேர்த்து. பணம் அப்பா கொடுத்தார், என்னை எடுக்க விடவில்லை.

இந்த வருடம் நவம்பர் தொடங்கியதுமே என் குளிர்கால டயர்களைக் கீழ்த்தளத்தில் இருந்து எடுத்துவிட்டேன். கடைக்குக் கொண்டுபோகும் முன் அப்பா வீடியோவில் வந்தார். டயரைக் காட்டு என்றார். காட்டினேன். அந்த மெல்லிய வெட்டுகளை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வெரல வச்சு அமுக்கிக் காட்டு."

வெளியே 2 டிகிரி. கையுறையைக் கழற்றி அமுக்கினேன். ரப்பர் கொஞ்சம் இணங்கிக் கொடுத்தது.

"நல்ல பாலாக்கும்" என்றார் அப்பா.