அறை வெப்பநிலை என்றால் எத்தனை டிகிரி?

ஈ. கோலை பாக்டீரியாவில் பல மரபணுக்களை அடக்கிவைக்கும் எச்-என்எஸ் புரதத்தை வைத்து மதுரையில் வேலை செய்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது, செய்முறைத் தாளில் வரும் "அறை வெப்பநிலை" என்ற சொல்லை. எழுதியவர் நினைத்தது 22, 25 டிகிரியை. சித்திரை மாதத்தில் கரண்ட் போனால் இங்கே மேசை மேல் 37 வரும். வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா பாக்டீரியாவில், நோய்த்திறனை முடுக்கும் விர்எஃப் மரபணுவை 32 டிகிரிக்குக் கீழே அடக்கிவைப்பதும், 37இல் விட்டுவிடுவதும் இதே புரதம்தான். 28 டிகிரியில் வளர்த்த கல்ச்சரை மேசையில் அரை மணி நேரம் விட்டுவிட்டு, எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏவை எடுத்தால் அளந்தது மேசையின் சூட்டைத்தான். கல்ச்சரைக் குலுக்கி வளர்க்கும் ஷேக்கரிலிருந்து நேரே ஐஸுக்குப் போக வேண்டும்.

137 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். ஒரு செல்லில் சுமார் 20,000 பிரதிகள். அடினினும் தைமினும் மிகுந்த, வளைந்த டிஎன்ஏவில் வரிசையாக ஒட்டி மரபணுவை வாயடைக்கும். வேலை பல இடத்தில் என்பதால் பெயரும் பல: பிஜிஎல்ஒய், ஆஸ்ம்இசட், பில்ஜி, டிஆர்டிஎக்ஸ் என்று ஆளுக்கொன்று வைத்தார்கள். பழைய கட்டுரைகளைத் தேடும்போது இது நினைவிருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

எச்-என்எஸ் மரபணு கெட்ட பிறழ்வைப் பார்க்க எளிய வழி, சாலிசின் என்ற சர்க்கரைச் சேர்மம் சேர்த்த மெக்கான்கி அகார் தட்டு. எச்-என்எஸ் இல்லாவிட்டால் சாலிசினைச் செரிக்கும் பிஜிஎல் ஓபரான் (மரபணுத் தொகுப்பு) திறந்து காலனி சிவக்கும். ஆனால் வைல்டு டைப்பிலும் (பிறழாத இயல்பு வகை) இரண்டு மூன்று நாளில் சிவப்புக் குருணைகள் எழும்பும். ஐஎஸ்1, ஐஎஸ்5 என்ற இடம் மாறும் டிஎன்ஏ துண்டுகள், பிஜிஎல்லை முடுக்கும் புரமோட்டருக்கு அருகே போய் உட்காருவதுதான் காரணம். எனவே மறுநாளே பார்த்து எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்ட தட்டைத் திங்கட்கிழமை படிப்பது வீண்.

எச்-என்எஸ் மரபணு நீக்கத்தைப் பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வழியாக வேறொரு ஸ்ட்ரெய்னுக்கு மாற்றும்போது, ஃபேஜ் செல்லில் ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். 20–30 நிமிடம் கழித்துச் சிட்ரேட் சேர்த்து அந்தக் கால்சியத்தைப் பிடித்துவிட வேண்டும். மறந்தால் மிச்ச ஃபேஜ், கிடைத்த காலனிகளையே தின்றுவிடும்.

கிடைத்த ஸ்ட்ரெய்ன் மெதுவாக வளரும். நாலைந்து முறை தட்டு மாற்றினால் ஈடுகட்டும் பிறழ்வுகள் சேர்ந்து, வேகமானவை மேலே வந்துவிடும். (சால்மொனெல்லாவில் இன்னும் மோசம்: ஆர்பிஓஎஸ் போன்ற இன்னொரு மரபணுவும் கெட்டால்தான் பிறழ்வே பிழைக்கும்.) ஆகவே சுத்தப்படுத்திய உடனே கிளிசராலில் போட்டு மைனஸ் 80இல் வைப்பது நல்லது. பெரிய காலனியை ஆசையாக எடுக்கக் கூடாது. அசல் பிறழ்வு நீந்தாது என்பதால் 0.3 சதவீத அகாரில் குத்திப் பார்க்கலாம், பக்கத்தில் வைல்டு டைப்பையும் வைத்து. அந்தத் தட்டை ஃபேனுக்குக் கீழே காயவைத்தால் வைல்டு டைப்பும் நகராது.