லிபாவில் வில்மா சாந்தோஸைப் பற்றிக் கேட்டபோது

பிலிப்பைன்ஸின் பதங்காஸ் மாகாணம் என்றால் மணிலாக்காரர்கள் தால் எரிமலைக்குத்தான் வழி சொல்வார்கள். நான் போனது லிபா நகரத்துக்கு. பின்னாளில் இந்த மாகாணத்தின் கவர்னரான நடிகை வில்மா சாந்தோஸ் அரசியலைத் தொடங்கிய ஊர் அது. பிலிப்பைன்ஸில் கவர்னர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மாகாணத்தை அவர் கையில் கொடுக்கிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சந்தைக்குப் போனேன். பராகோ காப்பிக் கொட்டையை அங்கேயே அரைத்துத் தருகிறார்கள். லிபெரிகா இனம், கொட்டை பெரிது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, வாசனை மூக்கைத் துளைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தபோது லிபா காப்பிக்குக் கிராக்கி எகிறியது. 1889 வாக்கில் அதே நோய் இங்கேயும் வந்து தோட்டங்களைச் சாய்த்துவிட்டது.

காப்பி அரைத்துக் கொடுத்த அம்மாவிடம் வில்மாவைப் பற்றிக் கேட்டேன். "ஆத்தே வியா? முதலில் எங்கள் மேயர், அப்புறம்தான் கவர்னர்" என்றார். 'ஆத்தே வி', அதாவது வி அக்கா. நாடே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தும் அந்த அம்மா மேயர் காலத்தை விட்டு நகரவில்லை.

அதில் நியாயம் இருக்கிறது. 1963-ல் குழந்தை நட்சத்திரமாக வந்த வில்மாவுக்கும் இன்னொரு நடிகையான நோரா ஔனருக்கும் இடையே நடந்த போட்டியில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகவே பிரிந்து நின்றார்கள். அந்த நோரா 2001-ல் கமரினெஸ் சுர் மாகாண கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். ரசிகர் கூட்டம் மட்டுமே ஓட்டாகிவிடாது. வில்மா 1998-ல் லிபாவின் முதல் பெண் மேயராகி, மூன்று முறை தொடர்ந்து ஜெயித்து, ஒன்பது வருடம் ஒரு நகரத்தை நடத்திக் காட்டிவிட்டுத்தான் மாகாணத்தைக் கேட்டார். 2007-ல் பதவியில் இருந்த கவர்னர் அர்மாண்டோ சான்செஸைத் தோற்கடித்து, பதங்காஸின் முதல் பெண் கவர்னரானார். புகுந்த வீட்டின் பலமும் கூடவே இருந்தது. கணவர் ரால்ஃப் ரெக்தோ அப்போதே செனட்டர் பதவி வகித்தவர். அவருடைய தாத்தா கிளாரோ ரெக்தோ பெரிய தேசியத் தலைவர்.

தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் அதே நாற்காலியில் உட்காரச் சட்டம் விடாது. 2016-ல் கவர்னர் பதவியை விட்டு நாடாளுமன்றம் போனார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அங்கேதான். 2017 மார்ச்சில் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரும் மசோதா வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டால் நாடாளுமன்றக் குழுத் தலைவர் பதவி போகும் என்று சபாநாயகர் அல்வாரெஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஆளும் கூட்டணியில் இருந்துகொண்டே வில்மா எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவர் வகித்த குழுத் தலைவர் பதவி போனது. மனசாட்சிக்காகப் பதவியைக் கொடுக்கிறவர்கள் எந்த நாட்டு அரசியலிலும் குறைவு.

2025 தேர்தலில் நான் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றும் நடந்தது. அம்மா கவர்னருக்கு, மூத்த மகன் லூயிஸ் மான்சானோ துணை கவர்னருக்கு, இளைய மகன் ரயன் நாடாளுமன்றத்துக்கு என்று ஒரே குடும்பத்தில் மூன்று வேட்பாளர்கள். இத்தனை உழைத்து எடுத்த பெயரைக் குடும்பச் சொத்தாக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். பதங்காஸ் மக்கள் அம்மாவையும் இளைய மகனையும் ஜெயிக்க வைத்து, லூயிஸைத் தோற்கடித்தார்கள். துணை கவர்னர் பதவி ஹெர்மிலாண்டோ மண்டானாஸுக்குப் போனது. வில்மாவுக்குப் பின் 2016 முதல் ஒன்பது வருடம் கவர்னராக இருந்தவர் அவர்தான்.

மாகாண சபைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது துணை கவர்னர். ஆக, இந்தத் தவணையில் வில்மாவின் ஒவ்வொரு பட்ஜெட்டும், அந்தக் கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த ஒரு பழைய கவர்னர் நடத்தும் சபையைத் தாண்டித்தான் வர வேண்டும்.